கிர்ஸ்டி செய்துகாட்டிய தோல்விகள்

படம் நன்றாக வந்துவிட்டதே என்று ஒரு பிள்ளையை உட்காரவைத்துக் கண்டித்த வாத்தியாரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், கண்ணுகளா. நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் கலைக் கல்லூரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருஷம் தேநீரும் சூப்பும் ஊற்றியவள் நான். படிக்கிற பிள்ளைகளாகட்டும், சொல்லிக்கொடுக்கிறவர்களாகட்டும், கோப்பையைக் கையில் வாங்கியதும் எதிரில் நிற்கிறவளுக்குக் காது உண்டு என்பதை மறந்துபோவார்கள். அதனால் இதில் பாதி நான் பார்த்தது, மீதி காதில் விழுந்தது. கிர்ஸ்டியே சொன்னதும் கொஞ்சம் உண்டு.

கிர்ஸ்டி ஸ்டோக்கோ என்று பெயர். எங்கள் ஊருக்கு வடக்கே, பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போனால் வருகிற சின்னத் துறைமுகத்துப் பெண். அவள் அம்மா லினுக்கு அங்கே ஹெர்ரிங் மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை. மீனைப் பிளந்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பில் இருக்கிற கொக்கிகளில் மாட்டி, கூரை வரைக்கும் அடுக்கித் தொங்கவிட்டு, கீழே ஓக் மரத்தூளில் கனல் போட வேண்டும். சரியாக மாட்டாத மீன் கனலில் விழுந்து கரியாகிவிடும். கிர்ஸ்டி பதினாலு வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் அம்மாவோடு நின்று மீன் மாட்டியவள். ஒரே தடவைதான் மாட்ட வேண்டும், அதைச் சரியாக மாட்ட வேண்டும் என்பது அவள் விரலுக்கே தெரியும். அதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

அவள் படித்தது கதைகளுக்குப் படம் போடுகிற படிப்பு. மூன்றாம் வருஷத்தில் அவரவர் இஷ்டப்படி ஒரு பெரிய வேலையை எடுத்துக்கொண்டு எட்டு மாதம் செய்ய வேண்டும். கிர்ஸ்டி சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு கதை எழுதினாள். புகைக் கொட்டகையில் ஒரு பூனை, அதற்கு மீன் என்றாலே ஆகாது. எட்டுப் பக்கம், எட்டுப் படம். எல்லாவற்றையும் லினோவில், அதாவது ரப்பர் மாதிரி மெத்தென்ற ஒரு தகட்டில், வெட்டி அச்சடிப்பது என்று வைத்துக்கொண்டாள், அதுவும் ஒரே துண்டில் ஐந்து நிறம்.

அது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. தாள் எங்கே வெள்ளையாகவே இருக்க வேண்டுமோ, லினோவில் அந்த இடத்தை மட்டும் உளியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். மீதி முழுவதிலும் மஞ்சள் மையை உருட்டி, வேண்டிய அத்தனை தாளிலும் அச்சடித்துவிட வேண்டும். அப்புறம் எங்கெல்லாம் மஞ்சளாகவே நிற்க வேண்டுமோ அதையும் வெட்டிவிட்டு, அதே துண்டில் ஆரஞ்சு. இன்னும் வெட்டி, சிவப்பு. இப்படி வெட்ட வெட்ட லினோ குறைந்துகொண்டே வரும். கடைசியில் கறுப்புக்கு மீசையும் கண்ணும் கூரைக் கோடும் மட்டும்தான் அதில் நிற்கும். வெட்டினது வெட்டினதுதான். மஞ்சளில் ஒன்றை விட்டுவிட்டோமே என்று கறுப்பு அடிக்கிற நேரத்தில் ஞாபகம் வந்தால், உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கிர்ஸ்டி ஒவ்வொரு படத்துக்கும் பதினாலு தாள் எடுத்தாள், பன்னிரண்டு தேறியது. கெட்டுப்போன இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள், அடுப்பு மூட்ட. எங்கள் பக்கத்தில் எவரும் அதைத்தான் செய்வார்கள். கரிந்த மீனை எடுத்து யாராவது கடை ஜன்னலில் மாட்டிவைப்பார்களா?

அச்சு அறையைப் பார்த்துக்கொள்ளும் டெரெக் என்னிடம் வந்து சொன்னார், இந்தப் பெண் அடித்த பன்னிரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பூனையின் பன்னிரண்டு மீசையும் ஒரே மீசையாக நிற்கிறது என்று. டெரெக் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் டெரெக் மார்க் போடுகிறவர் இல்லை. அந்தக் கட்டடத்தில் விரலில் மை படுகிற யாரும் மார்க் போடுவதில்லை.

மார்க் போடுகிறவர் ஜூலியன். டாக்டர் பட்டம் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் வெறும் ஜூலியன் என்றுதான் கூப்பிட வேண்டும், அதில் அவருக்கு ஒரு பெருமை. கோடையிலும் கழுத்துத் துணியைக் கழற்றாதவர். இருபது வருஷம் அச்சுக்கலையைப் பற்றிப் பேசியே காலந்தள்ளியவர். அவர் கை என் வீட்டுத் தேநீர்த் தட்டை விடச் சுத்தம்.

ஒவ்வொரு வருஷமும் படிப்பு முடிக்கிற ஒரு பிள்ளைக்கு அச்சு அறையின் சாவியை ஒரு வருஷத்துக்குக் கொடுப்பார்கள். யாருக்கு என்று ஜூலியன் சொல்வதுதான். கிர்ஸ்டிக்கு அந்தச் சாவி எதற்கு என்றால், எடின்பரோவில் ஒரு சின்னப் பதிப்பகம் பூனைக் கதையைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்துப் படம் சேர்த்துக் கொண்டுவா, புத்தகமாகப் போடலாம் என்று எழுதியிருந்தது. பத்துப் படத்துக்கு ஒரு வருஷம் ஆகும். அச்சு யந்திரமோ வார்ப்பிரும்பு. ஒரு காரின் எடை. அதை வீட்டில் வாங்கிவைக்கிற வீடா அது? சாவி கிடைத்தால் புத்தகம். கிடைக்காவிட்டால் உளிகளைப் பெட்டியில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை அம்மாவோடு கொட்டகைக்குப் போய் மீன் மாட்ட வேண்டியதுதான்.

ஏப்ரலில் ஜூலியனின் அறைக்கு வெள்ளையடித்தார்கள். அதனால் பிள்ளைகளை ஒவ்வொருவராக என் கடை மேசைக்கே வரவைத்துப் பேசினார். கிர்ஸ்டி எட்டுப் படத்தையும் பரப்பினாள். நான் எட்டிப் பார்த்தேன். புகைக்குள் தொங்குகிற மீனெல்லாம் தேன் நிறத்தில் மின்னியது. பூனை மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூலியன் சிரிக்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார்.

"கிர்ஸ்டி, இதெல்லாம் ரொம்ப... முடிஞ்சுபோச்சு," என்றார்.

"முடிக்கத்தானே சொன்னீங்க?"

"நீ எங்க தடுமாறின, எங்க வழி தெரியாம நின்ன, இதுல ஒண்ணுமே தெரியலையே. உன் தோல்வியெல்லாம் எங்க?"

"எங்க வீட்டு அடுப்புல."

அவள் கிண்டல் செய்வதாக நினைத்து அவர் முதலில் புன்னகைத்தார். நிஜமாகவே எரித்துவிட்டாள் என்று தெரிந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தன் பயணத்தின் சாட்சியங்களைத் தானே எரித்துக்கொண்டாளே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. நூற்றுக்கு நாற்பது மார்க் தேடலுக்கும் தோல்விக்கும்தானாம், படம் அதற்கப்புறம்தானாம். படம் யார் வேண்டுமானாலும் போடலாமாம். மூன்று வாரத்துக்குள் ஒரு ஸ்கெட்ச் புத்தகம் நிறையத் தடுமாற்றம் கொண்டுவந்தால் சாவியைப் பற்றி யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு, காரட் கேக் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் பக்கத்து மேசையிலிருந்து இமோஜன் நகர்ந்து வந்தாள். லண்டன் பக்கத்துப் பெண், அப்பா இருதய டாக்டர். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்தப் படிப்பின் சூட்சுமத்தை முதல் வருஷமே புரிந்துகொண்டவள். அவள் முதலில் படத்தைப் போட்டு முடித்துவிடுவாள். அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து, அந்தப் படத்துக்கு முன்னால் தான் பட்ட கஷ்டங்களைத் தயார் செய்வாள். கிழித்து ஒட்டிய தாள், குறுக்கே அடித்த கோடு, கட்டைவிரல் மைக்கறை, எல்லாவற்றுக்கும் அவளிடம் கணக்கு உண்டு. கிர்ஸ்டியைப் போல எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி போடு. இங்க 'அழுதேன்'னு எழுது," என்றாள்.

"நான் அழலையே."

"எழுதுடி. வாரத்துக்கு ஒரு தடவை அழுதா ஆழமான பொண்ணு. ரெண்டு தடவை எழுதிடாத, மனநல ஆலோசனைக்கு அனுப்பிடுவாங்க."

தாளைப் பழசாக்குவதற்கு ஆறிப்போன தேநீர் வேண்டும் என்று கேட்டாள். நான்தான் ஒரு குடுவை நிறையக் கொடுத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் எழுதியும் கறை போட்டும் காட்டினால் போதாது, கெட்டுப்போன அச்சுத் தாள்களே வேண்டும். அங்கேதான் கிர்ஸ்டி மாட்டிக்கொண்டாள். அவளிடம் இருந்தது கறுப்பு அடித்து முடித்த லினோ மட்டும். முதல் நிறத்தில் தோற்றேன் என்று காட்ட வேண்டுமென்றால் முதல் நிறத்து லினோ வேண்டும். அது துணுக்குத் துணுக்காக எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. புதிதாக வெட்டவோ நாள் இல்லை. கடைசியில் என்ன செய்தாள் என்றால், கறுப்பு அடித்த அதே லினோவில் மஞ்சளை உருட்டி, வேண்டுமென்றே தாளைக் கோணலாக வைத்து, மையைத் திட்டுத் திட்டாக விட்டு, இருபது தாள் அடித்தாள். 'அக்டோபர் பதினாலு. முதல் நிறம். எதுவுமே சரியாக வரவில்லை. அழுதேன்.'

வேலை தெரிந்த ஒருவர் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். முதல் நிறம் என்றால் தாள் முழுக்க மஞ்சளாக இருக்க வேண்டும், அங்கங்கே கொஞ்சம் வெள்ளை தெரிய வேண்டும். இவள் தாளில் பூனைக்கு மஞ்சள் மீசையும் மஞ்சள் கண்ணும் மட்டும் அந்தரத்தில் நின்றன. டெரெக் உலர்த்தும் கம்பியில் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, இது என்ன கண்ணு என்று கேட்டாராம். தோல்வி என்றாளாம் இவள். யாருக்கு என்றாராம். ஜூலியனுக்கு என்றதும், சரி, அவருக்கு இது போதும் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விட்டாராம்.

இன்னொன்றும் சொன்னாள் கிர்ஸ்டி. நல்ல தாள் அடிக்கும்போது அவள் கை நடுங்கினதே இல்லையாம். கெட்ட தாள் அடிக்கிற அந்த மூன்று நாளும் வியர்த்துக்கொண்டே இருந்ததாம். தாளைக் கோணலாக வைக்க வேண்டும் என்று நினைத்தாலும் கை தன்னால் நேராகக் கொண்டுபோய் வைத்ததாம். கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தாளாம்.

ஜூலியன் அந்தப் புத்தகத்தைப் பார்த்து உருகிப்போனார். நூற்றுக்கு எழுபத்தெட்டு. கீழே கைப்பட எழுதினார்: 'இந்தத் தோல்விகளின் நேர்மை என்னை அசைத்துவிட்டது.' கடைக்கு வந்து என் எதிரிலேயே அவள் தோளைத் தட்டி, சாவி உனக்குத்தான், வெளியில் சொல்லாதே என்றார். சொல்லாதே என்று சொன்னதை அடுத்த மேசையில் மூன்று பேர் கேட்டார்கள்.

மார்க் போட்டாலும் அதோடு முடியாது. வேறு ஊரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, சில பிள்ளைகளின் வேலையைப் பார்த்து, போட்ட மார்க் சரிதானா என்று சொல்ல வேண்டும். நாலு வருஷமாக வந்துகொண்டிருந்தவர் கட்டுரை எழுதுகிற ஒருவர். படத்தைப் பார்க்கவே மாட்டார், பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும் படிப்பார். அந்த வருஷம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பதிலுக்கு ஹேசல் தோர்ன் என்று ஒரு அம்மாள் வந்தாள். அறுபதைத் தாண்டியவள், ஒட்ட வெட்டிய நரை முடி. தேநீர் வாங்கக் கையை நீட்டினபோது பார்த்தேன், நகக்கண் எல்லாம் கறுப்பு. கழுவினாலும் போகாத கறுப்பு.

தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் மாடிக்குப் போன நேரத்தில் கிர்ஸ்டியின் முறை. அறையில் ஹேசல், ஜூலியன், துறைத் தலைவி, மேசைமேல் அந்த ஸ்கெட்ச் புத்தகம். நான் கோப்பைகளை எவ்வளவு மெதுவாக வைக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வைத்தேன்.

ஹேசல் ஒரு மஞ்சள் தாளை உருவி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

"இது முதல் நிறமா?"

"ஆமா," என்றாள் கிர்ஸ்டி.

"அக்டோபர்ல போட்டது."

"ஆமா."

"அப்போ வெட்டினதெல்லாம் திரும்ப முளைச்சு வந்துச்சா, அடுத்த நாலு நிறத்துக்கு?"

கிர்ஸ்டியின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. துறைத் தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஜூலியனுக்கும் புரியவில்லை, ஆனால் புரிந்தவர் மாதிரி தலையாட்டினார்.

"பொய்தான்," என்றாள் கிர்ஸ்டி. "போன மாசம் போட்டேன். கறுப்பு அடிச்ச லினோவுல."

"எதுக்கு?"

"தோல்வி கேட்டாங்க. என்கிட்ட இல்ல."

ஹேசல் நிஜப் படங்களைக் கேட்டு வாங்கினாள். எட்டையும் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அவள் பார்த்து முடிக்கிற வரைக்கும் யாரும் தேநீரைத் தொடவில்லை. அதற்குள் ஜூலியனுக்கு விஷயம் உள்ளே இறங்கிவிட்டது. அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். கண்ணுகளா, படித்தவர்கள் தப்பிக்கிற வேகம் எந்த மீனுக்கும் வராது.

"ஹேசல், நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார். "தோல்விங்கிறதே ஜோடிச்சதுதான். அதைத்தான் இந்த வேலை கேள்வி கேட்குது. கிர்ஸ்டியும் நானும் இதைப் பத்தி நிறையப் பேசியிருக்கோம்."

ஹேசல் கிர்ஸ்டியைப் பார்த்தாள். "அப்படியாம்மா?"

"அடுப்பைப் பத்திப் பேசினோம்."

துறைத் தலைவி இருமினாள். ஹேசல் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டே சொன்னாள்: "தெரியாம செஞ்சிருந்தா விட்டிருப்பேன். நீ தெரிஞ்சே செஞ்சிருக்க. இவ்வளவு தெரிஞ்ச பொண்ணு." அவ்வளவுதான். அடுத்த பிள்ளையை வரச் சொன்னாள்.

அன்று மத்தியானமே ஜூலியன் கிர்ஸ்டியைத் தேடி என் கடைக்கு வந்தார். கோபமே இல்லை, தேன் மாதிரிப் பேசினார். ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், இது திட்டமிட்டு நடத்திய ஒரு விசாரணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கண்காட்சியில் படத்தோடு மாட்டிவிடலாம், வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் சாவியைக் கையில் கொடுத்துவிடலாம் என்றார். பாவம், அவருக்கும் வேறு வழி இல்லை. ஏமாற்று வேலை என்று பதிந்தால் பதினேழு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும், குழு கூடும், குழுவின் முன்னால் அவர் கைப்பட எழுதிய 'நேர்மை அசைத்துவிட்டது' என்ற வரியை யாராவது சத்தமாகப் படிப்பார்கள்.

கிர்ஸ்டி இரண்டு நாள் சூப்பை வாங்கிவைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். போட்டுத் தொலையேன்டி, ஒரு கையெழுத்துதானே, அந்த ஆள் சொல்வதை யார் படிக்கப்போகிறார்கள், உனக்கு யந்திரம் வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்டேன். நான் அப்படித்தான் சொன்னேன்; இப்போது நல்லவள் வேஷம் போட்டு என்ன ஆகப்போகிறது. இமோஜனும் அதையே சொன்னாள், தானே எழுதித் தருவதாகவும் சொன்னாள். எட்டு மாதம் சோம்பேறி என்று பெயர் வாங்காமல் வேலை செய்த பெண், ஒரு பக்கம் எழுத முடியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஜூலியனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "நான் ஏமாத்தினேன், ஜூலியன். அதை வேணா எழுதித் தரேன். வேற எழுத எனக்கு வரல." நீ களைத்துப்போயிருக்கிறாய், வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றாராம்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மாடிக் கூடத்தில் பிள்ளைகளின் படங்கள், வெள்ளை ஒயின், காகிதத் தட்டில் பாலாடைக்கட்டி. லின் வந்திருந்தாள், நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு. எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் வருகிற இடத்துக்குக் கொஞ்சம் புகை வாசனை முன்னால் வரும். மகளின் சுவரைத் தேடிக் கண்டுபிடித்தாள். எட்டுப் படமும் ஓரமாக, சின்னதாக மாட்டியிருந்தன. நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், இருபது மஞ்சள் தாளும். பக்கத்தில் ஒரு அச்சடித்த பக்கம், கீழே கிர்ஸ்டி ஸ்டோக்கோ என்று பெயர். கையெழுத்து மட்டும் இல்லை. 'திட்டமிட்ட விசாரணை' என்று ஜூலியனே எழுதிவிட்டிருந்தார்.

லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடி, உன்னை ஏதாவது திட்டியிருக்காங்களா?"

"இல்லம்மா. நான் எழுதின மாதிரி எழுதியிருக்கு."

"நீ இப்படியெல்லாம் பேசமாட்டியே."

கிர்ஸ்டி திரும்பிப் பார்த்தாள். அந்தக் கூடத்தின் கோடியில் ஜூலியன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கையில் நீல நாடா கட்டிய சாவி. இன்னும் பத்து நிமிஷம் சும்மா நின்றால் போதும், சாவி அவளுக்கு. அவள் எடின்பரோக் கடிதத்தை நினைத்திருப்பாள், திங்கட்கிழமைக் கொட்டகையை நினைத்திருப்பாள். நான் ஒயின் தட்டோடு அவள் பின்னால் நின்றேன், அசையாதேடி, அசையாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு.

அசைந்தாள். அந்தப் பக்கத்தைச் சுவரிலிருந்து உரித்து, திருப்பி, வெறும் பக்கத்தில் என் பென்சிலை வாங்கி எழுதினாள். எழுதி அதே இடத்தில் ஒட்டினாள். 'மஞ்சள் தாள்கள் ஏப்ரல் கடைசியில் அடித்தவை. அக்டோபர் என்பது பொய். தோல்வி காட்டினால்தான் மார்க் என்றார்கள், அதனால் செய்தேன். ஓரத்தில் இருக்கிற எட்டும்தான் என் வேலை. கிர்ஸ்டி ஸ்டோக்கோ.' இந்தத் தடவை கையெழுத்தும் போட்டாள். லின் அதைப் படித்துவிட்டு, இது புரிகிறது என்றாள்.

முதலில் ஒருத்தி நின்று படித்தாள். அப்புறம் நாலு பேர். அப்புறம் கூட்டம் கூடிவிட்டது. என்ன தைரியம் என்று ஒருவர் சொன்னார். பென்சிலால் எழுதியிருப்பதைப் பார், அந்த எளிமையைப் பார் என்றது இன்னொரு குரல். கைபேசியில் படம் பிடித்தார்கள். துறைத் தலைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து படித்தாள், கண் கலங்கினாள். ஒலிவாங்கியை விட்டுவிட்டு ஓடிவந்த ஜூலியனிடம் திரும்பி, "ஜூலியன், இந்த அளவு நேர்மையை நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

ஜூலியன் அந்தப் பென்சில் எழுத்தைப் படித்தார். அப்புறம் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார்.

"ரெண்டு வருஷமா," என்றார்.

கிர்ஸ்டி அங்கேயே நின்று, நான் ஏமாற்றினேன் என்று மறுபடியும் சொன்னாள். வாயால், தெளிவாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஏமாற்றினேன் என்று ஒருத்தி சொன்னால் ஏமாற்றினாள் என்று எடுத்துக்கொள்ளக்கூடத் தெரியாத அளவுக்கு அத்தனை பேரும் படித்தவர்கள். சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள், அவளுக்கு வேண்டியதுதானே அது. லின் கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது என்று கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

பத்து நாள் கழித்து மார்க் தாள் வந்தது. இமோஜனுக்கு முதல் வகுப்பு. கிர்ஸ்டிக்கு இரண்டாம் வகுப்பு. அவள் அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்து, ஹேசல் தோர்ன் எழுதியிருந்த வரியைக் காட்டினாள். எட்டுப் படத்துக்கு அந்தப் படிப்பில் யாருக்கும் விழாத மார்க் போட்டிருந்தாள் அந்த அம்மாள். மஞ்சள் தாள்களுக்குப் பூஜ்யம். காரணம் ஒரே வார்த்தை: பொய்.

ஐயோ, முதல் வகுப்பு போய்விட்டதே என்று நான் வருத்தப்பட்டேன். அவள் அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டாள். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"அந்தம்மா ஒருத்திதான் நான் சொன்னதை நம்பினாங்க," என்றாள்.

சூப்பைக் குடித்து முடித்தாள். சாவியை எடுத்துக்கொண்டு, ஒன்பதாவது படத்துக்கு லினோ வெட்ட மாடிக்குப் போனாள்.